நாக்பூரைத் தாண்டாத லாரி

எங்கள் லாரி நாக்பூர் வரைக்கும் ஒழுங்காகத்தான் போகும். திரும்பி வருவதில்தான் தகராறு. அந்தக் கோடை விடுமுறை முழுக்க நாங்கள் மூன்று பேர் ஒரு கிழிந்த தார்ப்பாயின்மேல் உட்கார்ந்து லாரி ஓட்டினோம். கடைசி நாள் வரைக்கும் ஒரு தடவைகூட ஊர் வந்து சேரவில்லை. ஓட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. ரோடு எங்கள் கையில் இல்லை. அக்காவின் கையில் இருந்தது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல, பெரியப்பா மகள். எனக்குப் பத்து வயது, அவளுக்குப் பதின்மூன்று. ஒரே வளவுக்குள் எதிரெதிர் வீடு. எங்கள் ஊர் சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தராவது லாரியில் இருப்பார்கள். டிரைவராக இல்லாவிட்டால் கிளீனராக, அதுவும் வாய்க்காவிட்டால் பட்டறையில் பாடி கட்டுகிறவராக. பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா வருவதற்கு முன்னால் ஸ்டெப்னி என்ற வார்த்தை வந்துவிடும்.

பெரியப்பா பக்கத்து ஊர்க்காரர் ஒருவருடைய லாரியில் டிரைவர். ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். பெரியம்மா சேகோ பேக்டரியில் அதே ஜவ்வரிசியைக் களத்தில் காயப்போடுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பொழுதோடு திரும்பி வரும்போது தலை, புருவம், கால் எல்லாம் மாவு படிந்து வெளுத்திருக்கும். பெண்டாட்டி காயப்போட்டதைத்தான் புருஷன் ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்குகிறான் என்று என் அப்பா கிண்டல் செய்வார். அந்தக் கிண்டலை அவர் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார். எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை.

பெரியப்பா போகிற வழியெல்லாம் அக்காவுக்குக் கார்டு போடுவார். கர்னூலிலிருந்து ஒன்று, நிர்மலிலிருந்து ஒன்று, நாக்பூரிலிருந்து ஒன்று. எல்லாவற்றிலும் விஷயம் ஒன்றுதான்: இங்கே மழை, அல்லது இங்கே வெயில், நான் நலம், நன்றாகப் படிக்கவும். அக்கா அந்தக் கார்டுகளைப் பழைய பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் இந்தியா படத்தைக் காட்டி ஐதராபாத் எங்கே என்று வாத்தியார் கேட்டால் நாங்கள் எல்லாரும் கடலுக்குள் கை வைப்போம். அவள் மட்டும் குச்சியை வாங்கி ஓசூரிலிருந்து கோடு இழுத்துக்கொண்டே போவாள்.

அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். பெரியப்பா கழித்துப் போட்ட தார்ப்பாய் ஒன்று நிலக்கடலை காயப்போட அவர்கள் வீட்டில் கிடந்தது. அதை வேப்பமரத்தடியில் விரித்து, சாக்பீஸால் ரோடு போட்டாள். சுருக்கம் விழுந்த இடமெல்லாம் மலை. ஒட்டுப் போட்ட இடமெல்லாம் ஊர். லாரிக்கு ஒரு தீப்பெட்டி. நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கிக் கொண்டோம். தார்ப்பாயில் இருந்தது வெறும் கோடுதான். அந்தக் கோட்டில் அடுத்து என்ன இருக்கிறது என்பது அக்காவின் வாயில் இருந்தது. அதனால் அவளுக்கு ரோடு சொல்கிறவள் என்று பேர்.

என் மாமன் மகன் டிரைவர். அவனுக்குப் பன்னிரண்டு வயது. சங்ககிரியில் அவன் அப்பாவுக்கு மெக்கானிக் பட்டறை இருந்தது. விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு ஒறம்பரையாக வந்திருந்தான். நான் பாவாடை கட்டிய செகண்ட் டிரைவர். என் தம்பிக்கு ஏழு வயது; அவன் கிளீனர். வேறு எந்த வேலை கொடுத்தாலும் அழுவான். சக்கரத்துக்குக் கட்டை போடுவதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவனுக்குப் பெரிய பதவி.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு ரோடு சொல்வாள். ஆட்டம் தொடங்கிவிட்டால் எங்களுக்கெல்லாம் மரியாதை வந்துவிடும்.

“ஏனுங்க டிரைவரண்ணா, தொப்பூர் ஏத்தத்துல வண்டி பின்னுக்கு உருளுது. பிரேக்கு மிதிச்சா காலு உள்ள போவுது, வண்டி நிக்கல. என்னங்க பண்ணப் போறீங்க?”

மாமன் மகன் முதல் கியரைப் போடுகிறேன் என்பான். நான் மண்மேட்டுப் பக்கம் ஒடிக்கச் சொல்வேன். சொன்னதும் புளியங்கொட்டையை உருட்ட வேண்டும். நாலும் வெள்ளை விழுந்தால் நாங்கள் நினைத்தது நடக்கும். நாலும் கறுப்பு விழுந்தால் அக்கா நினைத்தது நடக்கும். இடையில் ஏதாவது விழுந்தால் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் இடையில்தான் விழும் என்பதால் நாங்கள் உருட்டியதைவிடப் பேசியதுதான் அதிகம்.

அவள் சொல்லும் அழகைச் சொல்லாமல் விட்டால் பாவம் வந்து சேரும். அந்தத் தொப்பூர் ஏற்றத்தில் தம்பி உருளுகிற வண்டியிலிருந்து குதித்துக் கல் எடுத்துப் போடுகிறேன் என்றான். உருட்டினான், நாலும் வெள்ளை. அவன் குதித்ததை, கல் நழுவியதை, இரண்டாவது கல்லைத் தோளால் உருட்டி வந்ததை, பள்ளத்துக்கு ஒரு சாண் முன்னால் சக்கரம் நின்றதை அக்கா சொன்ன விதத்தில் எங்கள் மூன்று பேருக்கும் உள்ளங்கை வேர்த்துவிட்டது. தம்பி அன்று ராத்திரி தோள் வலிக்கிறது என்று அம்மாவிடம் எண்ணெய் தேய்த்துக்கொண்டான்.

இப்படி ஓசூர், கர்னூல், ஐதராபாத், கோதாவரிப் பாலம், நிர்மல் என்று மூன்று நாளில் நாக்பூர் போய்விடுவோம். மூட்டை இறக்குவோம். அதன்பிறகு ஊருக்கு வர வேண்டும் இல்லையா? அங்கேதான் வினை. ரிட்டன் லோடு கிடைக்கவில்லை என்பாள் அக்கா. நாலு நாள் காத்திருப்போம். லோடு கிடைத்து ஆரஞ்சு ஏற்றிக் கிளம்பினால் ஊர் எல்லையிலேயே ஆக்சில் உடையும். ஆக்சில் மாட்டினால் செக்போஸ்ட்டில் பேப்பரைப் பிடுங்கிக்கொள்வார்கள். பேப்பரை மீட்டால் கடையடைப்பு. கடையடைப்பு முடிந்தால் வெள்ளம். ஆரஞ்சு அழுகிப் போகும். மறுபடியும் நாக்பூருக்கே திரும்ப வேண்டும். ஏழு டிரிப் போனோம், ஏழிலும் இதே கதை.

முதலில் முறைத்துக்கொண்டவன் மாமன் மகன். ஆக்சில் அப்படியெல்லாம் உடையாது, எங்கப்பா பட்டறையில் எத்தனை ஆக்சில் பார்த்திருக்கிறேன் என்று சண்டைக்குப் போனான். உங்கப்பா பட்டறையில்தானே இருக்கிறார், ரோட்டிலா இருக்கிறார் என்று அக்கா ஒரே வார்த்தையில் அவனை உட்கார வைத்தாள். அவன் அடுத்த நாள் இரண்டு பக்கமும் தேய்த்து வெளுத்த புளியங்கொட்டை நாலைச் சட்டைப்பையில் கொண்டுவந்தான். தொடர்ந்து மூன்று உருட்டில் நாலும் வெள்ளை விழுந்ததும் அக்கா கொட்டையைத் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தோம். அவள் அவற்றை அவன் கையிலேயே கொடுத்து, “இதப் போட்டாலும் வராதுங்க” என்றாள். கோபமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை, டாக்டர் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவளுக்கும் எங்களை விட்டுவிட மனசில்லை. ஆள் குறைந்தால் ஆட்டம் ஏது? மறுநாள் வறுத்த கடலையும் வெல்லமும் கொண்டுவந்து வைத்தாள். இனிமேல் ஒரு டிரிப்புக்கு ஒரு ஆள் ஒரு வரம் கேட்கலாம், உருட்டாமலேயே நடக்கும் என்று புதுச் சட்டம் போட்டாள். தம்பி அவசரமாக ஒரு கூடை ஆரஞ்சு கேட்டு வரத்தைத் தின்று தீர்த்தான். மாமன் மகன் புது டயர் பத்து கேட்டான். நான் கொஞ்சம் யோசித்து, லாரி ஊர் வந்து சேர வேண்டும் என்று கேட்டேன்.

அக்கா சாக்பீஸை உருட்டிக்கொண்டே இருந்தாள். “அது மட்டும் வேண்டாம் புள்ள. வேற கேளு.”

“எதக் கேட்டாலும் நடக்கும்னு நீதான சொன்ன?”

“அது என்னால சொல்ல முடியாது.”

வரம் கொடுக்கிற சாமியே பின்வாங்கினால் பக்தனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? எனக்கு வந்தது. ஆனால் வெறும் கோபம் என்று எழுதிவிட்டுப் போனால் அது பொய். எனக்கு ரோடு வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஆற்றையும் மழையையும் கொண்டுவருகிற அந்த இடத்தில் நான் உட்கார வேண்டும். அது கொஞ்ச நாளாகவே உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. லாரி வராதது எனக்கு நல்ல சாக்காகப் போயிற்று.

ஆகவே பஞ்சாயத்துக் கூட்டினேன். மாமன் மகன் ஏற்கெனவே என் பக்கம். தம்பிதான் இழுபறி, அவனுக்கு அக்காவிடம் பயங்கர விசுவாசம். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். என் தம்பியைப் படையில் சேர்க்க லஞ்சம் கொடுக்க வேண்டியிருந்தது. மாமன் மகனின் டிரங்குப் பெட்டியில் பட்டறையிலிருந்து கொண்டுவந்த பழைய ஹாரனின் ரப்பர் பந்து ஒன்று கிடந்தது. அதை அமுக்கினால் எருமைக்கன்று கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். அதை வாங்கித் தம்பி கையில் கொடுத்ததும் தர்மம் எங்கள் பக்கம் சாய்ந்தது.

அன்று மத்தியானம் அக்கா வழக்கம்போலக் கண்ணை மூடினாள். நாக்பூரில் பெருமழை, பாலம் உடைந்துவிட்டது என்றாள். மாமன் மகன் புளியங்கொட்டையைத் தொடவே இல்லை. அந்தப் பாலம் எத்தனை தடவைதான் உடையும் என்று நான் கேட்டேன். நாலே நாளில் வருகிற ரோட்டில் ரெண்டு மாசமாக ஒருத்தன் வருவானா என்று அவன் கேட்டான். தம்பி ஹாரனை அமுக்கினான்.

அக்காவின் முகம் சிவந்தது. “உங்களுக்கென்ன தெரியும்? ஒரு வண்டி வரலீன்னா ஆயிரங் காரணம் இருக்கும். ரோட்டுல இருக்கறவிய பாடு ஊட்டுல இருக்கறவங்களுக்குத் தெரியாது.”

இதற்கு ஒரு பதில் என்னிடம் தயாராக இருந்தது. இரண்டு நாளைக்கு முன்னால் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே அப்பாவிடம் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். யாரைப் பற்றி என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. கடைசியில் அவள் சொன்ன ஒரு வரி மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எங்காவது எடுத்து விட வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதை இப்போது அம்மாவின் குரலிலேயே, அம்மா மாதிரியே உதட்டைச் சுழித்துக்கொண்டு எடுத்து விட்டேன்.

“வர மனசில்லாதவனுக்கு வாசப்படியே மலைதான்.”

மாமன் மகன் கைதட்டினான். சபையில் அடித்துப் பேசி ஜெயித்த சந்தோஷம் எனக்கு. அக்கா என்னையே பார்த்தாள். அவள் அழவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து, அதில் சாக்பீஸை வைத்தாள்.

“இந்தா. நீயே ரோடு சொல்லு” என்று எழுந்து வீட்டுக்குள் போனாள்.

மறுநாள் நான் ரோடு சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன், இருட்டுதான் வந்தது. தொப்பூர் வந்தது, போனது. கர்னூலில் என்ன இருக்கும் என்று தெரியவில்லை; வெயில் அடிக்கிறது என்றேன். கோதாவரியில் தண்ணீர் இருக்கிறது என்றேன். நாலும் கறுப்பு விழுந்தாலும் பரவாயில்லை, போகலாம் என்றேன். வழுக்கிக்கிட்டே போகுது, இதென்ன ஆட்டம் என்று மாமன் மகன் முணுமுணுத்தான். கட்டை போட ஒரு இடம்கூட வராததால் தம்பிக்கு வேலையே இல்லை. காலையில் கிளம்பிய லாரி மத்தியானச் சோற்றுக்கு முன்னால் நாக்பூரில் மூட்டை இறக்கிவிட்டது. சோறுண்டுவிட்டு வந்து திரும்பக் கிளம்பினோம். ஆக்சில் உடையவில்லை, மழை இல்லை, செக்போஸ்ட்டில் சலாம் வைத்து அனுப்பினார்கள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று நான் சொல்ல, அவர்கள் பாத்திரம் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஆட்டம் சப்பென்று போவது எனக்கும் தெரிந்தது. முடிவையாவது பெரிதாகச் செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் வடக்கே போன வண்டி முதல் டிரிப் முடித்து வந்தால் வாசலில் ஆரத்தி எடுப்பார்கள். அதை வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. தீப்பெட்டிக்கு ஆரத்தி எடுத்தால் நன்றாக இருக்காது. மாமன் மகன் கையில் டயர் இல்லாத சைக்கிள் ரிம் ஒன்றைக் கொடுத்து, வளவு வாசலிலிருந்து லாரியாகவே ஓடிவரச் சொன்னேன். தம்பி பின்னால் ஹாரனோடு.

அக்கா அவர்கள் வீட்டு நடையில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நான் புது அதிகாரத்தோடு அவள் முன்னால் போய் நின்றேன்.

“அக்கா, நீ ஊட்டுல இருக்கறவ. லாரி நாக்பூர்லருந்து வந்துருச்சு. ஆரத்தி எடு.”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். மாட்டேன் என்பாள், சண்டை வரும் என்று தயாராக இருந்தேன். எழுந்து உள்ளே போனாள். ரொம்ப நேரம் ஆயிற்று. வேப்பிலையும் மண்தண்ணீரும் கரைத்துக் கொண்டுவருவாள் என்று நினைத்தோம். ஆட்டத்துக்கு அது போதும். அவள் வெளியே வந்தபோது முகம் கழுவி, தலையைப் படியச் சீவியிருந்தாள். கையில் பித்தளைத் தட்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் நிஜமாகவே கரைத்துத் தண்ணீர் செக்கச்செவேல் என்று இருந்தது. நடுவில் வெற்றிலையின்மேல் கற்பூரம் எரிந்தது.

மாமன் மகன் ரிம்மைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். ஹாரன் அடிக்கத் தம்பிக்கு மறந்துவிட்டது. அக்கா மூன்று சுற்று சுற்றினாள். தட்டு விளிம்பில் தண்ணீர் ததும்பியது. சுற்றி முடித்துவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல், அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏனுங்கப்பா, ஏனுங்க இத்தன நாளு?”

பன்னிரண்டு வயதுப் பையன் என்ன சொல்வான்? அவனுக்கு பேரிங் தெரியும், பிளக் தெரியும். அவன் திருதிருவென்று விழித்து என் பக்கம் திரும்பினான். “ரோடு சொல்றவ நீதான, சொல்லு” என்றான். தம்பியும் பார்த்தான். அக்காவும் பார்த்தாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. எவ்வளவு கஷ்டப்பட்டு லாரியைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன், பாராட்டாமல் கேள்வி கேட்கிறாளே என்றுதான் இருந்தது. தோற்றுப்போன ஆத்திரத்தில் ஆட்டத்தைக் கெடுக்கப் பார்க்கிறாள் என்று முடிவு செய்தேன். ரோடு சொல்கிறவளுக்குச் சட்டம் போடும் உரிமை உண்டு. போட்டேன்.

“ஊட்டுல இருக்கறவங்க கேள்வி கேக்கக் கூடாது. வந்தா வந்ததுதான். ஆட்டம் முடிஞ்சுபோச்சு.”

“செரி” என்றாள் அக்கா.

அந்தச் சமயத்தில்தான் பேக்டரி விட்டுப் பெரியம்மா வந்தாள். வளவுக்குள் நுழைந்தவள் வாசலில் மகள் ஆரத்தித் தட்டோடு நிற்பதைப் பார்த்தாள். எரிகிற கற்பூரத்தைப் பார்த்தாள். மாவு அப்பிய அந்த முகத்தில் இரண்டு கண்ணும் பெரிதாயின.

“வந்துட்டாங்களா?” என்றாள்.

“வந்தாச்சுங்க பெரியம்மா! நாக்பூர்லருந்து!” என்று தம்பி கத்தி, மறந்துபோன ஹாரனை இப்போது அமுக்கினான்.

பெரியம்மா எங்களை விலக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். கையிலிருந்த சோற்றுத் தூக்குப்போசி கதவில் இடித்து மூடி கழன்று விழுந்தது. அது இரண்டே அறை இருந்த வீடு. அதற்குள் ஒரு ஆளைத் தேட எவ்வளவு நேரம் ஆகும்? பிறகு மெதுவாக வெளியே வந்தாள். தார்ப்பாயைப் பார்த்தாள், சைக்கிள் ரிம்மைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். அவள் நடந்த வழியெல்லாம் நடையில் வெள்ளைக் கால்தடம் விழுந்திருந்தது.

எங்களை அவள் அடிக்கவில்லை. அக்கா கையிலிருந்து தட்டை வாங்கினாள். விரலால் ஆரத்தித் தண்ணீரைத் தொட்டு, வழக்கத்தில் கை தானாகப் போனதுபோல, தம்பியின் நெற்றியில் பொட்டு வைத்தாள். மிச்சத்தைக் கொண்டுபோய் வளவு வாசலில் ஊற்றினாள்.

“பொழுதாச்சு. ஊட்டுக்குப் போங்க சாமி” என்றாள்.

பெரியவர்கள் திட்டவில்லை என்றால் தப்பு நடக்கவில்லை என்று அர்த்தம். அதுதான் அப்போது எனக்குத் தெரிந்த கணக்கு. பெருமையோடுதான் வீட்டுக்குப் போனேன். தம்பி நெற்றிப் பொட்டோடு போய் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து என் முதுகில் நாலு வைத்தாள். ஏன் என்று சொல்லவில்லை. அடித்துவிட்டு அவளே அழுதாள். மஞ்சளையும் கற்பூரத்தையும் வீணாக்கியதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதன்பிறகு ஆட்டம் இல்லை. மாமன் மகன் ஊருக்குப் போனான். தார்ப்பாயில் மறுபடியும் கடலை காய்ந்தது. முதல் மழைக்குச் சாக்பீஸ் கோடு எல்லாம் கரைந்துபோயிற்று. பள்ளிக்கூடம் திறந்தபோது அக்கா வரவில்லை. பெரியம்மாவோடு பேக்டரிக்குப் போகத் தொடங்கினாள். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே வெள்ளையாகத் திரும்பி வருவார்கள். தூரத்தில் பார்த்தால் யார் அம்மா, யார் மகள் என்று தெரியாது. நான் கையாட்டுவேன். அவளும் ஆட்டுவாள்.

விஷயம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. எனக்குக் கல்யாணம் பேசிய சமயத்தில் அம்மா சொன்னாள். பெரியப்பா நாக்பூர்ப் பக்கம் ரோட்டோரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு பெண்ணோடு அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டார். ஊருக்கெல்லாம் தெரியும், ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கடைசிக் கார்டு நாக்பூரிலிருந்து வந்ததுதான். லாரி மட்டும் எப்போதோ வந்துவிட்டது. ஓனர் வேறொரு டிரைவரை அனுப்பி எடுத்து வரச் செய்துவிட்டார். பெரியம்மாவும் அக்காவும் பஸ்ஸில் சங்ககிரி போகையில் அந்த வண்டியைப் பார்த்திருக்கிறார்கள். பின்பக்கம் பெரியப்பா ஆசையாக வரையச் சொன்ன இரண்டு கிளிகள் அப்படியே இருந்தனவாம். அப்பா வண்டி என்று அக்கா ஜன்னலில் எட்டிக் கத்தினாளாம். ஓட்டிக்கொண்டிருந்தது வேறு ஆள். அது நடந்தது அந்தக் கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் முன்னால்.

ஆக, வண்டி வந்துவிட்டது என்று தெரிந்துதான் அவள் எங்களுக்கு ரோடு சொல்லியிருக்கிறாள். ஆக்சில், செக்போஸ்ட், வெள்ளம், கடையடைப்பு எல்லாம் ஒரு பதின்மூன்று வயதுப் பெண் தன் அப்பாவுக்காகத் தேடிக் கொடுத்த காரணங்கள். ஒன்று பொருந்தவில்லை என்றால் மறுநாள் இன்னொன்று. நாங்கள் அதைத்தான் நியாயமில்லாத ஆட்டம் என்று பஞ்சாயத்து வைத்துப் பிடுங்கினோம்.

சில வருஷம் முன்னால் எடப்பாடியில் அவள் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். தறிக்காரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு நன்றாகத்தான் இருக்கிறாள். பந்தி மேற்பார்வைக்கு நடுவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த லாரி ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா அக்கா என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் ஆரம்பித்தேன். அவள் என் கையைத் தட்டிச் சிரித்தாள்.

“நீ சொன்ன ரோட்டுல ஒரு பஞ்சர்கூட ஆகலியே கண்ணு” என்றாள். அதற்குள் யாரோ சாம்பார் பத்தவில்லை என்று கூப்பிட, எழுந்து போய்விட்டாள்.

அந்தச் சாயங்காலத்தை இன்றைக்கும் நான் பலமுறை திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். தட்டோடு நின்று அவள் கேட்டது ஒரு காரணம். ரோடு அப்போது என் கையில் இருந்தது. மழை என்று சொல்லியிருக்கலாம், பாலம் உடைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம், பேப்பரைப் பிடுங்கிக்கொண்டார்கள், அதனால்தான் கண்ணு என்று மாமன் மகனைச் சொல்ல வைத்திருக்கலாம். எல்லாம் அவளே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவைதான். அவளுக்கு அதில் ஒன்றை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பத்து வயதில் எனக்கு, லாரி வந்து சேர்ந்தால் போதும் என்றிருந்தது.